பறவைச் சாட்சி

முதல் நாள் எண்ணியபோது முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுநாளும் முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் காலையில் புன்னைவாரிக்குளத்தின் கரையில் நின்று, பைனாகுலர் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, செண்பகவல்லி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அதே முந்நூற்றுப் பன்னிரண்டு வரித்தலை வாத்துகள்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் போயிருப்பார்கள். இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வருகிற அந்த வாத்து, ஐந்து வருஷமாக இந்தக் குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செண்பகவல்லிக்கோ சந்தேகம் வந்தது.

அவள் தொழில் அப்படி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள். ஒரே ஆள் போட்ட இரண்டு கையெழுத்துகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அவளுக்குக் கவலை கிடையாது. அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால்தான் பேனாவை மூடிவைத்துவிட்டு ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். உயிருள்ள கை ஒரே கோட்டை இரண்டு தரம் போடாது. உயிருள்ள பறவைக் கூட்டமும் மூன்று நாள் ஒரே எண்ணிக்கையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. பத்து பறவை பக்கத்து வயலுக்குப் போகும், இருபது புதிதாக வந்து சேரும். இது ஏன் இப்படி?

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ஊரிலேயே பிறந்து ஊரிலேயே வளர்கிற நாமக்கோழியும் நீர்க்காகமும் குளம் முழுக்கப் பரவித் திரிந்தன. வெளியிலிருந்து வந்தவை மட்டும், வாத்தும் உள்ளானும் கருவால் மூக்கனும், நடுமடையைச் சுற்றி ஒரே குவியலாக அடைந்து கிடந்தன. அங்கே தரையெல்லாம் கருங்கல் பாவியது. சேறும் கிடையாது, புழுவும் கிடையாது. நீண்ட மூக்கைச் சேற்றில் விட்டுப் புழு தேடுகிற கருவால் மூக்கனுக்குக் கருங்கல்லில் என்ன வேலை?

"என்ன செண்பகம், எண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஜோதிமுத்து ஸ்கூட்டரை நிறுத்தினார். தெற்குச் சீமைக் குளங்களின் பறவைக் கணக்கெடுப்பை ஒருங்கிணைப்பவர் அவர்தான். விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளைப் பராமரிக்கிற வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பறவையே கதி என்று இருந்தார். செண்பகவல்லியோடு பதினோரு குளிர்காலம் சேர்ந்து எண்ணியவர்.

"எண்ணிட்டேன் அண்ணாச்சி. எண்ணிக்கைதான் மனசுக்குச் சரியாப் படல."

"கொறையுதோ?"

"கொறையல. கொறையலைங்கறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஜோதிமுத்து சிரித்தார். "பறவை வராட்டாலும் அழுவுத, வந்தாலும் அழுவுத. கண்ணால பாத்ததை எழுதும்மா. சாட்சிக்கு வேற என்ன வேணும்?"

சாட்சி என்று அவர் சொன்னது வெறும் பேச்சுக்கில்லை. எந்தப் படத்தை வேண்டுமானாலும், எந்தக் குரலை வேண்டுமானாலும் ஒரு நொடியில் பொய்யாகச் செய்துவிட முடியும் என்று ஆன பிறகு, அரசாங்கம் புகைப்படத்தையும் ஒலிப்பதிவையும் நம்புவதை நிறுத்திவிட்டது. உரிமம் பெற்ற மனிதர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, 'என் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்' என்று உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. செண்பகவல்லி அப்படி உரிமம் பெற்ற பறவைச் சாட்சி. ஒவ்வொரு குளத்துக்கும் வருஷா வருஷம் மதிப்பெண் உண்டு. அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில் வருகிற பறவைகளுக்கு. மூன்று குளிர்காலம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குளம் செத்ததாக அறிவிக்கப்படும். பிறகு அதை மேடாக்கிச் சரக்குக் கிட்டங்கி கட்டலாம், சூரிய மின்பலகை விரிக்கலாம்.

புன்னைவாரிக்குளம் இரண்டு குளிர்காலம் கீழே இறங்கியிருந்தது. இது மூன்றாவது. கரையின் கீழ்புறம் நில அளவைக் கற்கள்கூட நட்டாகிவிட்டது.

அவள் எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரித்தலை வாத்து, ஆயிரத்துச் சொச்சம் ஊசிவால் வாத்து, எழுநூறு கருவால் மூக்கன். கையெழுத்துப் போட்டாள். மதிப்பெண் எழுபத்தொன்று என்று மாலையிலேயே செய்தி வந்தது. ஊரில் வெடி போட்டார்கள். அவள் கணவன் சுடலைமணி, குளத்துத் தண்ணீரை நம்பி மறுபடியும் வாழைக்கன்று வைக்கலாம் என்று அன்றைக்கே குழி எடுக்க ஆரம்பித்தான்.

ஒரு வாரம் கழித்து, மடைக்குப் பக்கத்தில் ஒரு வாத்து செத்துக் கிடந்தது. செண்பகவல்லி அதைக் கையில் எடுத்தாள். காற்றைத் தூக்கியதுபோல இருந்தது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. காயம் இல்லை, வாயில் நுரை இல்லை. பட்டினி கிடந்து செத்திருக்கிறது. இருநூறு அடி தள்ளிப் போனால் பச்சைப்பசேலென்று அறுகு முளைத்துக் கிடக்கிற கரையில், புல் தின்கிற பறவை பட்டினியால் சாகுமா?

முதலில் அவளுக்குக் குளத்து நிலத்துக்காகக் காத்திருக்கிற கிட்டங்கிக்காரர்கள் மேல்தான் சந்தேகம் போயிற்று. பறவையைத் தின்னவிடாமல் செய்கிற ஏதாவது மருந்து வைத்திருப்பார்கள். ஜோதிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"பொதைச்சிரு" என்றார் அவர், அவள் சொல்லி முடிக்கும் முன்பே.

"டாக்டர்கிட்டக் காட்டாண்டாமா?"

"மாசியில ரெண்டாவது கணக்கு இருக்கு, அதுவும் சேந்தாத்தான் மதிப்பெண் நெலைக்கும். அதுக்குள்ள எதுக்கு ஒரு சத்தம்? பொதைச்சிரு. அப்புறம் மடைப்பக்கம் போவாத செண்பகம், பறவை கலையும்."

போனை வைத்த பிறகும் அவள் வெகுநேரம் அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினோரு வருஷத்தில் செத்த பறவை ஒன்றைப் பார்க்காமலேயே புதைக்கச் சொன்னவர் அல்ல ஜோதிமுத்து. எந்த நேரமானாலும் ஓடி வந்து, கால்விரல் முதற்கொண்டு அளந்து பார்க்கிற ஆள்.

அந்த வாரமே மரிய புஷ்பம் கூப்பிட்டாள். கிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டரில், செம்மணல் தேரியை ஒட்டிய தேரிக்குளத்தின் பறவைச் சாட்சி அவள். முருங்கைத் தோப்பில் வேலை பார்க்கிறவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பயிற்சி முகாமில் பழக்கம்.

"அக்கா, எனக்கு ஒரு சாட்சி வேணும். எங்க குளத்துல பூஜ்யம். பூஜ்யத்துக்கு மட்டும் ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும்லா."

"பூஜ்யமா? போன வருஷம் ஐந்நூறு எழுதுனியே."

"ஆமாக்கா. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. நீங்க வந்து பாருங்க."

செண்பகவல்லி காலை பஸ்ஸில் போனாள். தேரிக்குளத்தின் கரையில் இறங்கி நடந்தாள். இத்தனை நல்ல குளத்தை அவள் அந்த வருஷம் பார்க்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீர், ஓரமெல்லாம் கொழுத்த சேறு, சேற்றைக் குச்சியால் கிளறினால் புழு நெளிந்தது. இலை போட்டுப் பரிமாறிவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது குளம். நாமக்கோழிகள் நீந்தின. வேறு ஒன்றும் இல்லை.

"நான் என்னக்கா குத்தம் செஞ்சேன்?" என்றாள் புஷ்பம். "யாரும் வலை போடாம காவ காத்தேன். பொங்கலுக்கு வெடிகூடப் போட விடல. இதோட மூணு வருஷம் மதிப்பெண் நாப்பதுக்குக் கீழ. பங்குனிக்குள்ள மண்ணு அடிக்க வண்டி வருதுங்காவ. எங்க தெருவுல கெணறு எல்லாம் இந்தக் குளத்து ஊத்துத்தான்."

அப்போதுதான் வடக்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. கருவால் மூக்கன், எண்பது இருக்கலாம். புஷ்பம் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தாழ்ந்தது. கால்களைத் தொங்கவிட்டது. தண்ணீருக்கு ஒரு பனை உயரம் இருந்தபோது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பியது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு மேலெழுந்து மேற்கே போய்விட்டது.

"தெனமும் இப்படித்தாங்க்கா" என்றாள் புஷ்பம். "எறங்கப் பாக்கும். அப்புறம் போயிரும்."

செண்பகவல்லி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திசையில் முப்பத்தைந்து கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பூஜ்யத்துக்கு அவள் கையெழுத்துப் போடத்தான் வேண்டியிருந்தது. கண்ணால் கண்டது அதுதான். எந்தப் பறவையும் தேரிக்குளத்தில் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் நேரே புன்னைவாரிக்குளத்துக்குப் போனாள். மடைக்கு மேலே கதவைத் தூக்கி இறக்குவதற்காக கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை உண்டு. அதில் எப்போதும் தொங்குகிற துருப்பிடித்த பூட்டு இல்லை. புதுப் பூட்டு மின்னியது. காதை வைத்துக் கேட்டாள், சத்தம் இல்லை. என்ன தோன்றியதோ, போனில் திசைகாட்டியைத் திறந்தாள். வடக்கு என்று அது மடையைக் காட்டியது. அவள் அறையைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். இப்போதும் மடையைத்தான் காட்டியது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் முள் அந்த அறையை நோக்கியே திரும்பியது. காலடியில் வாத்துகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவள் அவ்வளவு கிட்டே போயும் ஒன்றுகூட எழும்பவில்லை.

ஜோதிமுத்து வீட்டு முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஈரச் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டு, "உக்காரு" என்றார்.

"மடைக்குள்ள என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவர் மறைக்கவில்லை. "எப்பிடியும் நீ கண்டுபிடிப்பன்னு தெரியும். மாசிக்கு அப்புறம் கண்டுபிடிப்பன்னு நெனைச்சேன்."

"என்ன இருக்கு?"

"சின்னப் பொட்டிதான். சாப்பாட்டுத் தூக்கு அளவு." ஒரு பெருமூச்சு விட்டார். "வலசை வர்ற பறவைக்குக் கண்ணுக்குள்ளயே திசைகாட்டி இருக்கு செண்பகம். பூமியோட காந்தம் அதுக்கு ஒரு நெறம் மாதிரித் தெரியும்னு சொல்லுதாவ. அது பொறந்ததுலேருந்து மனசுல ஒரு எடத்தோட நெறத்தை வச்சிருக்கும். அந்த நெறம் தெரிஞ்சா எறங்கும். நான் அந்த நெறத்தை இங்க வச்சிருக்கேன், அவ்வளவுதான். நாப்பது கிலோமீட்டர் வரைக்கும் தெரியும். விமானத்துக்கு வழி சொன்னவன், பறவைக்குச் சொல்லக் கூடாதா?"

"நீங்க வழி சொல்லல. வந்து சேந்தாச்சுன்னு பொய் சொல்லியிருக்கீங்க. அதனாலதான் பசிச்சாக்கூட நகராம கெடக்கு. வந்த எடத்துலேருந்து எங்க போவணும்னு நெனைக்கும் பாவம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சக்தியைக் கொஞ்சம் கொறைச்சா மேயப் போவும். அதைத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"தேரிக்குளத்துக்குப் போனேன். பூஜ்யம். அந்தப் பறவையெல்லாம் இங்கதான் இருக்கு. அவங்க குளத்தை மூடப் போறாவ. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அவர் முகம் சொன்னது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்றும் சொன்னது. "ஏதோ ஒரு குளம்தான் பொழைக்கும்னா, எந்தக் குளம் பொழைக்கணும்னு நீயே சொல்லு" என்றார். "இங்க முந்நூத்து நாப்பது குடும்பம். உன் வீட்டுக்காரன் வாழை வச்சிருக்கான். நீ ஒரு பொய்யும் எழுதல. நீ எண்ணுன ஒவ்வொரு பறவையும் நெசமான பறவை. மாசியில ஒரே ஒரு கணக்கு. அதோட பொட்டியைக் கழட்டி ஆத்துல போட்டுருதேன்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. பொய்ப் பத்திரங்களில் மிக மோசமானது எதுவென்று அவளுக்குத் தெரியும். எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும் பத்திரம்தான்.

சுடலைமணியிடம் சொன்னாள். அவன் வாழைக் கட்டையைச் சீவிக்கொண்டே கேட்டான்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"ஆபீஸுல போய்ச் சொல்லப் போறேன்."

"சொன்னா நம்ம குளம் போயிரும்."

"ஆமா."

"தேரிக்குளம் பொழைக்குமா?"

"தெரியல."

"அப்போ ரெண்டும் போவும். நீ மட்டும் நல்லவளா இருப்ப. அதுதான?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அதன் பிறகு இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, குடையை எடுத்து வந்து கையில் கொடுத்தான். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாவட்ட மதிப்பீட்டு அலுவலர் நஸ்ரின், திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பெண். நாற்பது வயதிருக்கும். செண்பகவல்லி சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யுதுன்னு சொன்னாரு?"

"நாப்பது கிலோமீட்டர்னாரு மேடம்."

"எல்லா வகைப் பறவையும் வருதா, சிலது மட்டுமா?"

"வெளியூர்ப் பறவை எல்லாமே."

"ஆன் பண்ணி எத்தனை நாள்ல கூட்டம் சேர்ந்தது? ஆஃப் பண்ணினா உடனே போயிடுமா?"

எல்லாவற்றையும் நஸ்ரின் தானே கையால் எழுதிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். "ரொம்ப நேர்மையான காரியம் செஞ்சிருக்கீங்க" என்றார். செண்பகவல்லி படியிறங்கி வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்த அம்மாள் தேரிக்குளத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. செத்த வாத்தைப் பற்றியும் கேட்கவில்லை. திருட்டைப் புகார் செய்யப் போன இடத்தில், திருடிய வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று விசாரித்ததுபோல இருந்தது.

மறுநாள் ஜீப்பில் நாலு பேர் வந்து மடை அறையைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்த கால்மணி நேரத்தில் மடையைச் சுற்றியிருந்த பறவைகள் அத்தனையும் எழும்பின. வானமே இரைந்தது. ஊர் முழுக்க வெளியே வந்து பார்த்தது. அவை தெற்கே கொஞ்சம் போயின, வடக்கே திரும்பின, கலைந்து மறுபடி கூடின. எங்கே போவது என்று தெரியாமல் நடுவெளியில் நிற்கிற ஜனக்கூட்டம் மாதிரி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப் போயின. ஊர்க்காரர்கள் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவளிடம் பத்திரம் எழுத அந்த ஊர் ஆள் யாரும் வரவில்லை.

ஜோதிமுத்துவையும் விசாரணைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். கைதாவார், உரிமம் பறிபோகும் என்று அவள் நினைத்தாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். அப்புறம் அடிக்கடி போனார். அலுவலக வண்டியே வந்து அழைத்துப் போயிற்று. மாசி மாதக் கணக்கெடுப்பு 'நிர்வாகக் காரணங்களால்' தள்ளிவைக்கப்பட்டது. தேரிக்குளத்துக்கு மண் அடிக்க வண்டி வரவில்லை. புன்னைவாரிக்குளத்தில் நட்டிருந்த அளவைக் கற்களை யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. கெட்டது நடக்கவில்லை என்பதே எல்லோருக்கும் போதுமாக இருந்தது. செண்பகவல்லிக்கு மட்டும் அதில் நிம்மதி வரவில்லை.

ஆனி மாதம் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: வலசைப் பறவைகள் ஒதுக்கீட்டுத் திட்டம்.

மாவட்டத்தில் உள்ள நாற்பத்தாறு குளங்களிலும் அரசே கருவி பொருத்தும். ஒரு நேரத்தில் சில குளங்களில் மட்டும் கருவி இயங்கும். ஒவ்வொரு குளத்துக்கும் ஒன்பது நாள் முறை. புன்னைவாரிக்குளத்துக்கு மார்கழி இரண்டாம் வாரத்திலிருந்து. தேரிக்குளத்துக்குத் தை மூன்றாம் வாரத்திலிருந்து. எந்தக் குளமும் இனி நாற்பதுக்குக் கீழே இறங்காது. திட்டத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் திரு. ஜோதிமுத்து. கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் இருந்தது: பருவம் முடிந்து பறவைகளைத் திருப்பியனுப்பும் சமிக்ஞை ஏப்ரல் பத்தாம் தேதி தரப்படும். அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருப்பதால், பறவைகள் பதினொன்றாம் தேதி அலுவலக நேரத்தில் திருப்பியனுப்பப்படும்.

அவள் நஸ்ரினைப் போய்ப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அன்னிக்கு அவ்வளவு கேள்வி கேட்டீங்களா மேடம்?"

"உங்களாலதான் இது நடந்தது" என்றார் நஸ்ரின், மனப்பூர்வமாகவே. "இனிமே யாருக்கும் பூஜ்யம் கிடையாது. யாரும் யாருகிட்டேருந்தும் திருட வேண்டியதில்ல. தேரிக்குளம் பிழைச்சுதா இல்லையா? சொல்லுங்க."

"பொழைச்சுது. பறவை பட்டினி கெடக்குமே?"

"ஒன்பது நாள்தான். அதுக்குள்ள மெலியாது. பார்த்துட்டோம்."

"அது எங்க போவணும்னு அதுக்குத் தெரியும் மேடம். நாம சொல்லாண்டாம்."

நஸ்ரின் அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "அதுவா போன காலத்துல நாலு குளத்துக்குப் போச்சு. மீதி நாற்பத்திரண்டு குளத்துக்காரங்க என்ன செய்யணும்?"

செண்பகவல்லி பைக்குள் கையை விட்டாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பையில் எடுத்து வந்திருந்தாள். அதை வெளியே எடுப்பதற்குள் புஷ்பத்தின் போன் வந்தது. "அக்கா, எங்களுக்குத் தையில ஒதுக்கியிருக்காவ! கெணத்துல தண்ணி கெடக்கும். நீங்கதான் சாட்சியா வரணும். வேற யாராவது வந்து நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போறதுக்குப் பதிலா நீங்க வாங்க." செண்பகவல்லி உரிமத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஊர் மறுபடியும் அவளோடு பேச ஆரம்பித்தது. சுடலைமணியின் வாழை குலை தள்ளியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ போய்ச் சொன்னது நல்லதாத்தான் போச்சு" என்றான். அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

தை மாதம் மூன்றாம் வாரம், குறித்த நாள், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே தேரிக்குளத்துக்கு மேலே வானம் நிறைந்தது. தெருவே கரையில் திரண்டிருந்தது. பறவைகள் வரிசை வரிசையாக வந்து மடையை ஒட்டி இறங்கின. ஜனங்கள் கை தட்டினார்கள். சில பெண்கள் குலவை போட்டார்கள். புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. செண்பகவல்லி எண்ணினாள். எண்ணுவது சுலபமாக இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள், புதிதாகச் சேர்த்திருந்த ஒரு கட்டத்தில் நின்றாள். 'கருவியின் வீச்சுக்குக் கட்டுப்படாத வலசைப் பறவை ஏதேனும் தென்பட்டால் இனம், இடம் குறிப்பிடவும். அதுவும் கட்டுப்படும்படி கருவியைச் சீர்செய்ய உதவும்.'

பழக்கத்தில் பைனாகுலரை உயர்த்திக் குளத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். தெற்கு ஓரத்தில், மடைக்கு வெகுதூரத்தில், கோரைக்கு நடுவே ஏதோ அசைந்தது. நீலச்சிறகி, அதுவும் வடக்கேயிருந்து வலசை வருகிற வாத்துதான். ஒற்றை ஆண் பறவை. புருவத்து வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்தது, நிமிர்ந்தது, இறகைக் கோதியது. மடைப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தானாக வந்ததா? அதன் கண்ணுக்குள் இருக்கிற திசைகாட்டியில் ஏதும் கோளாறா? அல்லது வேறு யாரோ வேறு எங்கோ வைத்திருக்கிற இன்னொரு பெட்டியின் வேலையா? முன்பெல்லாம் ஒரு பறவையைப் பார்த்தால் அது என்ன பறவை என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றும். இப்போது இப்படித்தான் தோன்றுகிறது. இனி எப்போதும் இப்படித்தான் தோன்றும்போலிருக்கிறது.

"என்னக்கா, அங்க என்ன தெரியுது?" என்று புஷ்பம் கேட்டாள். அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆளும் பேனாவோடு திரும்பிப் பார்த்தான்.

செண்பகவல்லி பைனாகுலரை இறக்கினாள். பறவைச் சாட்சியாக இருந்த பன்னிரண்டு வருஷத்தில் அவள் கண்ணால் காணாத ஒன்றை எழுதியதில்லை. கண்டதை எழுதாமல் விட்டதும் இல்லை.

"ஒண்ணும் இல்ல புஷ்பம். கோரைதான் காத்துல ஆடுது" என்றாள்.

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.